குழந்தைவழிக் கற்றல்: நோட்டுப் புத்தகம் இல்லாத மழலையர் பள்ளியில் என்ன நடக்கிறது?

தை பிறந்ததும் மதுரையில் காளவாசல் முதல் ஒத்தக்கடை வரை எல்.கே.ஜி. சேர்க்கைத் தட்டிகள் முளைத்துவிடுகின்றன. அவற்றுக்கு நடுவே, திருநகரிலோ நாகமலை புதுக்கோட்டையிலோ புதூரின் உள்தெரு ஒன்றிலோ, வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்துப் பதினைந்து இருபது குழந்தைகளோடு நடக்கும் சிறிய பள்ளிகளின் அறிவிப்பு மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. வீட்டுப்பாடம் இல்லை, நாலு கோடு நோட்டு இல்லை, பரீட்சை இல்லை. குழந்தை தனக்குப் பிடித்ததைத் தானே எடுத்துக் கற்கும் என்கிறார்கள். படிக்கும் பெற்றோருக்கு ஆசையும் பயமும் சேர்ந்தே வருகின்றன. “எழுதவே சொல்லித் தரலைன்னா எதுக்குப் பீஸு கட்டணும்?” என்று வீட்டில் தாத்தா கேட்டால் பதில் சொல்லத் தெரிவதில்லை.

இந்தக் குழப்பத்தைப் பெற்றோரின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. குழந்தைவழிக் கற்றல் என்ற ஒரே பெயரில் மூன்று நான்கு வெவ்வேறு முறைகள் நடக்கின்றன. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு முறையே இல்லாமல் நடப்பவையும் உண்டு. இவற்றைப் பிரித்தறிய உதவும் கேள்வி ஒன்றுதான்: குழந்தை தேர்ந்தெடுக்கும்போது பெரியவர் என்ன செய்கிறார்?

குழந்தைவழிக் கற்றல் என்பது என்ன

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2000களில் பரவலான செயல்வழிக் கற்றலைப் பலர் அறிவர். அட்டைகளும் படிநிலைகளும் கொண்ட அம்முறையில் குழந்தை தன் வேகத்தில் முன்னேறலாம். ஆனால் எந்தப் படிக்குப் பின் எந்தப் படி என்பதைப் பாடத்திட்டமே வகுத்துவிடும். குழந்தைவழிக் கற்றல் இதற்கு அடுத்த கட்டம். எதை எடுப்பது, யாரோடு சேர்ந்து செய்வது, எவ்வளவு நேரம் செய்வது என்பவற்றையும் ஒரு வரம்புக்குள் குழந்தையே முடிவு செய்கிறது. இம்முறை மூன்று கால்களில் நிற்கிறது.

1. தேர்வுச் சுதந்திரம். அறையில் இருப்பவற்றில் எதையும் எடுக்கலாம். எடுத்ததைத் திருப்பி வைக்க வேண்டும். அடுத்தவர் கையில் இருப்பதைப் பிடுங்கக் கூடாது. சுதந்திரமும் அதன் வேலியும் இதிலேயே அடங்கிவிடுகின்றன.

2. ஆயத்தச் சூழல். குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் அலமாரி, ஒவ்வொரு தட்டிலும் ஒரே ஒரு வேலைக்கான பொருள்கள், உட்கார ஒரு சிறு பாய். எது அலமாரியில் இருக்க வேண்டும், எது இன்னும் வர வேண்டியதில்லை என்பதை ஆசிரியர் முன்கூட்டியே தீர்மானிக்கிறார். ஆகவே குழந்தையின் தேர்வு பெரியவர் செய்துவைத்த தேர்வுக்குள்தான் நடக்கிறது.

3. கூர்ந்து பார்த்தல். ஒவ்வொரு குழந்தையும் எதில் நிலைத்தது, எங்கே திணறியது, யாரைத் தவிர்த்தது என்பதை ஆசிரியர் குறித்துவைத்து, அதைக் கொண்டு மறுநாள் அலமாரியை மாற்றுகிறார்.

மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டு மட்டும் இருந்தால் பொம்மைகள் நிறைந்த ஒரு கூடம்தான் மிஞ்சும். குழந்தைகளைத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டு அதற்குச் ‘சுதந்திரம்’ என்று பெயர் வைப்பது இம்முறையில் சேராது.

கருத்து வந்த வழி

ஜெர்மனியில் ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல் 1837இல் தொடங்கிய விளையாட்டுவழிப் பள்ளியிலிருந்து இந்தப் பேச்சு தொடங்குகிறது. மரக்கட்டைகளையும் பந்துகளையும் வைத்துக் குழந்தைகளைக் கற்கவிட்ட அந்த முயற்சி ஆட்சியாளர்களுக்கு அவ்வளவு ஆபத்தாகத் தெரிந்ததால், பிரஷ்ய அரசு 1851இல் அத்தகைய பள்ளிகளுக்கே தடை போட்டது.

அடுத்த பெரிய பெயர் மரியா மாண்டிசோரி. இத்தாலிய மருத்துவரான அவர் 1907ஆம் ஆண்டு ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட, கவனிக்க ஆளின்றித் திரிந்த ஏழைத் தொழிலாளர் குழந்தைகளுக்காகத் திறக்கப்பட்ட இடம் அது. இன்று இந்தியாவில் வசதியானவர்களின் அடையாளமாகிப்போன ஒரு முறையின் பிறப்பிடம் அதுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மாண்டிசோரிக்கும் நம் பகுதிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த அவர், 1940இல் இத்தாலி போரில் இறங்கியதால் எதிரி நாட்டவராகி, நடமாட்டக் கட்டுப்பாடுகளுக்கு உள்ளானார். 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினார். கொடைக்கானல் அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான். அங்கே பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் படித்த சிறு பள்ளியில், மலைக்காட்டின் செடிகளையும் பூச்சிகளையும் பாடமாகக் கொண்டு அவரும் அவர் மகன் மாரியோவும் செய்த வேலை, ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்கான அவர்களது கல்வித் திட்டத்துக்கு உரமானது.

இந்தியர்கள் வெறுமனே வாங்கிக்கொண்டவர்கள் அல்லர். கிஜுபாய் பதேகா 1920லேயே குஜராத்தின் பாவ்நகரில் குழந்தைகள் பள்ளி தொடங்கி, விலையுயர்ந்த மரப் பொருள்களுக்குப் பதிலாக உள்ளூரில் கிடைப்பவற்றையும் கதைகளையும் நாடகத்தையும் கொண்டுவந்தார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக், மகாராஷ்டிரத்தின் பழங்குடிக் கிராமங்களில் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை என்றபோது பள்ளியை வீட்டு முற்றங்களுக்கே கொண்டுபோனார். நாம் இன்று அங்கன்வாடி என்று சொல்வதன் முன்னோடி அதுவே.

இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரில் 1963இல் முதல் நகராட்சி மழலையர் பள்ளி தொடங்கியபோது அதற்கு வழிகாட்டியவர் லோரிஸ் மலகுஸி. அவர் முறையில் வரையறுத்த பொருள்கள் கிடையாது. குழந்தைகள் எழுப்பும் கேள்வி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் போவார்கள். மாண்டிசோரி முறையிலோ ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பயன்பாடு உண்டு. அளவு வரிசையில் அடுக்க வேண்டிய கட்டைகளை ரயில் ஓட்ட எடுத்தால் ஆசிரியர் மெல்லத் தடுப்பார். இரண்டுமே குழந்தைவழிக் கற்றல்தான், ஆனால் உள்ளே நடப்பது வேறு வேறு. போதாக்குறைக்கு, மாண்டிசோரி என்ற பெயருக்குத் தனியுரிமை கொண்டவர் யாரும் இல்லாததால், எந்தக் கட்டடத்திலும் அந்தப் பலகையை மாட்டலாம். பலகையைப் பார்த்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது.

ஒரு பல்லாங்குழி, ஒரு கிண்ணம் புளியமுத்து

முறை எப்படி இயங்குகிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். நாலு வயதுச் சிறுமி ஒருத்தி பல்லாங்குழிப் பலகையையும் ஒரு கிண்ணம் புளியமுத்தையும் எடுத்து வந்து பாயில் உட்காருகிறாள். ஆட்ட விதி அவளுக்குத் தெரியாது, ஆசிரியரும் சொல்லவில்லை. ஒரு குழியில் இரண்டு, அடுத்ததில் ஒரு பிடி என்று போட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பையன் தனக்கும் பங்கு கேட்கிறான். கொடுக்கிறாள். அவன் தன்னுடையதைத் தரையில் நெருக்கி வைக்கிறான், அவள் அகல விரித்து வைக்கிறாள். “மிஸ், எனக்குக் கம்மியா இருக்கு!” என்று பையன் புகார் செய்கிறான்.

எண்ணிப் பார்த்து “ரெண்டு பேருக்கும் ஒன்பது” என்று சொல்லிவிடுவது எளிது. ஆசிரியர் அதைச் சொல்லாமல், “கம்மின்னு எப்படித் தெரியுது?” என்று கேட்கிறார். பையன் வரிசையின் நீளத்தைக் காட்டுகிறான். ஆசிரியர் அதற்கு மேல் பேசவில்லை. மறுநாள் காலை பலகைக்குப் பக்கத்தில் இரண்டு முட்டை அட்டைகள் இருக்கின்றன. குழிக்கு ஒன்றாகப் போட்டு இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இருவருக்கும் சமம் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

இதில் நடந்தவற்றைப் பிரித்தால்:

1. நீளமாகத் தெரிவது அதிகம் என்று பையன் நினைத்ததைத் தவறு என்று திருத்திப் பயனில்லை. பரப்பி வைப்பதால் எண்ணிக்கை மாறாது என்ற புரிதல் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் மெல்ல உருவாகிறது என்பதை சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே விரிவாகக் காட்டியிருக்கிறார்.

2. எண்ணுதல் என்பது ஒரே திறன் அன்று. ஒரு பொருளுக்கு ஒரு எண், மாறாத எண் வரிசை, கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம், எதையும் எண்ணலாம், எங்கிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது என ஐந்து கூறுகளை உளவியலாளர்கள் ரேச்சல் கெல்மனும் சி.ஆர். கேலிஸ்டலும் 1978இல் வகுத்தனர். நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் குழந்தையிடம் ஏழு முத்து எடுத்துத் தரச் சொன்னால், அது கைநிறைய அள்ளித் தருவதைப் பார்க்கலாம். வரிசை வந்துவிட்டது, மொத்தம் என்ற கருத்து வரவில்லை.

3. முட்டை அட்டையை வைத்ததுதான் இங்கே கற்பித்தல். குழந்தை தனியாகச் செய்ய முடிவதற்கும், சிறு துணை இருந்தால் செய்ய முடிவதற்கும் இடையில் ஒரு வெளி உண்டு என்றும், கற்பித்தல் அந்த வெளியில்தான் நிகழ வேண்டும் என்றும் சொன்னவர் ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி. அந்த வெளி எங்கே இருக்கிறது என்பதை முந்தைய நாள் கூர்ந்து பார்த்திராத ஆசிரியரால் அட்டையை வைத்திருக்க முடியாது.

இடையில் ஒரு செய்தி: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளும் இருக்கும் அறையில் புளியமுத்தோ மஞ்சாடியோ கைக்கெட்டும்படி இருக்கக் கூடாது. வாயில் போடும், மூக்கில் நுழைத்துக்கொள்ளும். எதை எப்போது வைப்பது என்ற கணக்கில் இதுவும் சேரும்.

எழுத்து எப்போது?

பெற்றோருக்கும் பள்ளிக்கும் உரசல் வருவது பெரும்பாலும் இங்கேதான். எழுதுவதைத் தள்ளிப்போடச் சொல்பவர்கள் இணையத்தில் பகிரப்படும் ஓர் எக்ஸ்ரே படத்தைக் காட்டுவார்கள்: மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிற்றெலும்புகளில் மூன்று வயதில் மூன்று அளவில்தான் எலும்பாகியிருக்கும், மற்றவை குருத்தெலும்பு நிலையில் இருக்கும். செய்தி உண்மைதான், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ‘எழுத வைக்கக் கூடாது’ என்று முடிவு கட்டுவது மிகை, ஏனெனில் அந்த எலும்புகள் முழுமை பெறப் பன்னிரண்டு வயது வரைகூட ஆகும். வலுவான காரணம் தசைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஒன்றரை வயதில் கிரேயானை முழு முஷ்டியால் பிடிக்கும் குழந்தை, மூன்று வயதில் விரல்களால் மேலிருந்து பற்றி, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றால் பிடிக்கும் நிலைக்கு ஏறத்தாழ நாலு முதல் ஆறு வயதுக்குள் வருகிறது. அதற்கு முன் நாலு கோட்டுக்குள் பக்கம் பக்கமாக எழுத வைத்தால், தோளையும் முழங்கையையும் இறுக்கி எழுதும் பழக்கம் படியக்கூடும். பிறகு அதை மாற்றுவது பாடு.

எனவே நல்ல குழந்தைவழிப் பள்ளிகள் எழுத்தைத் தள்ளிவைப்பதில்லை; எழுதுகோலைத்தான் தள்ளிவைக்கின்றன. அங்கே கைக்கு வேறு வேலைகள் இருக்கும். பட்டாணி உரிப்பது, துணிக் கிளிப் மாட்டுவது, கத்தரிக்கோலால் காகிதம் வெட்டுவது, களிமண் பிசைவது எல்லாம் அதே விரல்களுக்கான பயிற்சிதான். களிமண்ணுக்கு மதுரைக்காரர்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கொலுப் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற விளாச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது. மாண்டிசோரி முறையில் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவியபடி அதன் ஒலியைச் சொல்வார்கள். விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் விரல் பிடித்து எழுத வைக்கும் வழக்கமுள்ள ஊருக்கு இது புதிதன்று. வேறுபாடு என்னவென்றால், அங்கே அது ஒரு நாள் சடங்கு, இங்கே பல மாத வேலை.

தமிழுக்கென்று இரண்டு சிக்கல்கள் தனியாக உண்டு. அயல்நாட்டு நூல்களை வைத்துப் பள்ளி நடத்துவோர் இவற்றைக் கவனிப்பதே இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

முதலாவது, எழுத்துகளின் எண்ணிக்கை. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளைத் தெரிந்துகொண்டாலும் அவற்றின் ஒலி இடத்துக்கு இடம் மாறும். தமிழில் 247 எழுத்துகள். ஒலி பெரிதும் எழுத்தை ஒட்டி வருவதால் ஒருமுறை பிடிபட்டால் வாசிப்பு விரைந்து வரும், ஆனால் உயிர்மெய்க் குறிகள் முழுவதும் பிடிபட முதல் இரண்டு மூன்று வகுப்புகள் வரை ஆகும். ஆகவே நாலு வயதில் ‘அ’ முதல் ‘ஔ’ வரை வரிசையாக மனப்பாடம் செய்து எழுத வைப்பதால் கிடைக்கும் நன்மை சொற்பம். ‘ட’, ‘ப’, ‘ம’ போன்று கோடுகளால் ஆன எழுத்துகள் கைக்கு எளியவை. சுழியும் வளைவும் நிறைந்த ‘அ’, ‘இ’ கடினமானவை. அகரவரிசையில் எழுதத் தொடங்கும் குழந்தை மிகக் கடினமான எழுத்திலிருந்தே தொடங்குகிறது.

இரண்டாவது, பேச்சுக்கும் புத்தகத்துக்கும் உள்ள தூரம். செல்லூரில் வளரும் குழந்தை கேட்பது ‘பூனை வந்துச்சு’. புத்தகத்தில் இருப்பது ‘பூனை வந்தது’. எழுத்துக் கூட்டத் தெரிந்தாலும் கூட்டிய சொல் காதுக்குப் பழகியதாக இல்லையென்றால் பொருள் விளங்காது. இந்தத் தூரத்தைக் குறைப்பது நோட்டுப் புத்தகம் அன்று. பெரியவர் நாள்தோறும் உரக்கப் படித்துக் காட்டும் கதையே. ஒரே கதையைப் பத்து முறை கேட்க விரும்பும் வயது இது, அதையும் குழந்தையின் தேர்வுக்கே விடலாம். பள்ளியைப் பார்க்கப் போகும் பெற்றோர் விளையாட்டுப் பொருள்களை எண்ணுவதைவிடத் தமிழ்க் கதைப் புத்தகங்கள் எத்தனை இருக்கின்றன, அவற்றின் ஓரங்கள் கசங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பது மேல்.

ஆய்வுகள் எவ்வளவு சொல்கின்றன

அமெரிக்காவின் இப்சிலாண்டியில் 1962 முதல் 1967 வரை 123 ஏழைக் குழந்தைகளைக் கொண்டு நடந்த பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. இன்று என்ன செய்யப்போகிறோம் என்று குழந்தையே திட்டமிட்டு, செய்து, பிறகு செய்ததைப் பற்றிப் பேசும் முறையை அது வளர்த்தெடுத்தது. அந்தப் பள்ளியில் படித்தவர்கள் வளர்ந்தபின், படிக்காதவர்களைவிட வேலையிலும் வருமானத்திலும் சிறந்திருந்தனர். ஆனால் அந்தத் திட்டத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள், வாரந்தோறும் வீடு தேடிச் சென்றார்கள். அந்தப் பெருமையை ஒரு வீட்டுக் கூடத்தில் நடக்கும் பள்ளி அப்படியே தனக்குச் சூட்டிக்கொள்ள முடியாது.

நியூசிலாந்தில் 2013இல் வெளியான ஓர் ஆய்வு, ஐந்து வயதில் வாசிப்புத் தொடங்கியவர்களை ஏழு வயதில் தொடங்கியவர்கள் பதினொரு வயதளவில் எட்டிப்பிடித்துவிட்டதைக் காட்டியது. எதிர்ப்பக்கம், அமெரிக்காவின் டென்னசி மாநில முன்பருவப் பள்ளிகளில் இடம் கிடைத்துப் படித்த குழந்தைகள், இடம் கிடைக்காதவர்களைவிட ஆறாம் வகுப்பில் பின்தங்கியிருந்ததாக 2022இல் முடிவு வந்தது. முன்பருவப் பள்ளி என்றாலே நன்மைதான் என்ற நம்பிக்கையை அது அசைத்துவிட்டது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று ஓரளவு உறுதி: பெரியவர் வழிகாட்டும் விளையாட்டு பலன் தருகிறது. வழிகாட்டுதலே இல்லாத வெறும் விளையாட்டு, எண்ணும் எழுத்தும் போன்ற குறிப்பான திறன்களுக்குப் போதாது.

சட்டம், அரசு, கட்டணம்

கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையானவர்களுக்கானது. ஆறு வயதுக்குட்பட்டோருக்கு அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் அது ‘அரசு முயல வேண்டும்’ என்று சொல்லும் வழிகாட்டு நெறி, நீதிமன்றத்தில் கேட்டுப் பெறும் உரிமை ஆகாது. தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை 2013இல் வந்தது. அதையொட்டிய பாடத்திட்ட வரைவு 3 முதல் 6 வயது வரை 20 குழந்தைகளுக்கு ஒரு பெரியவரும், அதற்குக் கீழ் 10 குழந்தைகளுக்கு ஒருவரும் வேண்டும் என்கிறது.

கட்டணமில்லாத இடமாக அங்கன்வாடி இருக்கிறது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் உணவும் தடுப்பூசியும் போலவே முன்பருவக் கல்வியும் ஓர் அங்கம். பாட்டும் ஆட்டமும் கதையுமாகக் கருப்பொருள் வாரியாக நடத்த வேண்டும் என்பதே அங்குள்ள பாடத்திட்டம். காகிதத்தில் பார்த்தால் நகரத்துத் தனியார் பள்ளிகள் பலவற்றைவிட அது குழந்தைக்கு நெருக்கமானது. பதிவேடுகளும் செல்பேசிச் செயலியும் சத்துமாவு விநியோகமும் ஒரே பணியாளரின் தலையில் விழுவதால், அது எழுதியபடி நடக்கப் பல இடங்களில் நேரமே இருப்பதில்லை.

சிறிய தனியார் பள்ளியின் நெருக்கடி வேறு வகை. பதினெட்டுக் குழந்தைகளின் கட்டணத்தில் வாடகை, இரண்டு ஆசிரியர்கள், ஓர் ஆயா என்று எல்லாம் நடக்க வேண்டும். தை மாதத்தில் பெரிய பள்ளி ஒன்றில் இடம் கிடைத்ததும் நாலைந்து பேர் கிளம்பிவிடுவார்கள் என்ற அச்சம் எப்போதும் இருப்பதால், மூன்றாம் பருவத்தில் சத்தமில்லாமல் ஒர்க்‌ஷீட் நுழைகிறது. தத்துவம் தோற்றதாக இதைச் சொல்ல முடியாது. கணக்குப் புத்தகம் ஜெயித்தது என்பதே சரி.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது

1. ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்கவும். மறுக்கும் பள்ளியில் வேறு கேள்வி எதுவும் கேட்க வேண்டியதில்லை.

2. ஏதேனும் ஒரு குழந்தையைக் குறித்துக் கடந்த வாரம் எழுதிய குறிப்பைக் காட்டச் சொல்லவும். பெயரை மறைத்துக் காட்டட்டும். ‘நன்றாக விளையாடினான்’ என்று மட்டும் இருந்தால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள்.

3. எதையும் எடுக்காமல் ஜன்னலோரம் நிற்கும் குழந்தையை என்ன செய்வீர்கள் என்று கேட்கவும். உடனே இழுத்து உட்கார வைப்போம் என்பதும், அதுவாக வரும் வரை விட்டுவிடுவோம் என்பதும் இரண்டுமே பலவீனமான பதில்கள்.

4. தண்ணீர்த் தொட்டி மூடி, மாடிப்படிக் கதவு, சுவிட்ச் போர்டு உயரம் ஆகியவற்றை நேரில் பார்க்கவும். குழந்தைகள் தாமாக நடமாடும் பள்ளியில் இவை மற்ற பள்ளிகளைவிடக் கூடுதலாக முக்கியம்.

முதல் வகுப்பு என்ற வாசல்

ஐந்து வயது வரை சிறிய பள்ளியில் இருந்த குழந்தை அதன்பின் எங்கே போகிறது என்பதை முன்பே யோசிக்க வேண்டும். பெரும்பாலான மெட்ரிக் பள்ளிகளில் நுழைவு வகுப்பு எல்.கே.ஜி.; நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடங்களும் நுழைவு வகுப்பில்தான் நிரப்பப்படுகின்றன. மூன்று வயதில் அந்த வாசலைத் தவறவிட்டவருக்கு அதே பள்ளியில் அந்த வழி மீண்டும் திறப்பதில்லை. வயதும் ஒரே மாதிரி இல்லை: மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஐந்து முடிந்ததும் முதல் வகுப்பு, நரிமேடு, திருப்பரங்குன்றம் ஆகிய இடங்களில் உள்ள கேந்திரிய வித்யாலயாக்களில் ஆறு முடிய வேண்டும்.

வியப்பாகத் தோன்றினாலும், இப்படி வளர்ந்த குழந்தைக்கு அரசுத் தொடக்கப் பள்ளி பல மெட்ரிக் பள்ளிகளைவிட இசைவாக இருக்கக்கூடும். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலையை ஒட்டிப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். எழுதத் தெரியாமல் வருவது அங்கே குற்றமில்லை. மெட்ரிக் பள்ளிகள் பலவற்றிலோ முதல் வகுப்பின் முதல் வாரத்திலேயே ஆங்கிலச் சொல்லெழுத்துத் தேர்வு வந்துவிடுகிறது. அங்கே சேர்க்க விரும்பும் பெற்றோர், ஜூனில் அவர்கள் எதை எதிர்பார்ப்பார்கள் என்பதை முந்தைய ஆண்டே கேட்டு, மழலையர் பள்ளி ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும்.

சேர்க்கைக்கு முன் குழந்தையை உட்காரவைத்து எழுதச் சொல்லியோ கேள்வி கேட்டோ வடிகட்டுவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். சட்டம் தொடக்கக் கல்விக்கானது என்பதால் முதல் வகுப்புச் சேர்க்கையில் இதைத் துணிந்து சுட்டிக்காட்டலாம், எல்.கே.ஜி.க்கு அது பொருந்துமா என்பதில் வாதம் உண்டு, ‘இன்டராக்‌ஷன்’ என்ற பெயரில் நடக்கும் நேர்காணல்கள் அந்த இடுக்கில்தான் நடக்கின்றன.